ஒரே ஒரு பேப்பரில் இருந்து தொடங்குங்கள்: இன்ஜினியரிங் ஆசிரியர்களுக்கான முழு வழிகாட்டி

இன்ஜினியரிங் கல்வியை மேம்படுத்த வேண்டும் என்று பேச்சு எடுத்தாலே சிலபஸை மாற்ற ஒரு கமிட்டி, புதிதாக ஒரு ஏஐ லேப், ஸ்மார்ட் போர்டு, கடைசி வருடத்தில் இன்டர்வியூ பயிற்சி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எதுவும் தப்பில்லை. ஆனால் மாணவர்கள் கையைவிட்டுப் போவது கடைசி வருடத்தில் இல்லை, முதல் மூன்று செமஸ்டர்களில், அதுவும் நான்கைந்து குறிப்பிட்ட பாடங்களில். கணிதம், மெக்கானிக்ஸ், சர்க்யூட்ஸ், புரோகிராமிங், அப்புறம் துறையைப் பொறுத்து தெர்மோடைனமிக்ஸோ சிக்னல்ஸோ. அவற்றில் ஒரே ஒரு பேப்பரை எடுத்து, கமிட்டியும் பட்ஜெட்டும் இல்லாமல், ஓர் ஆசிரியரோ இரண்டு பேரோ சேர்ந்து ஒரு செமஸ்டருக்குள் எப்படிச் சரிசெய்யலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: எங்கே விழுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

கடந்த மூன்று வருட ரிசல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தேர்ச்சி விகிதம் வேண்டாம், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பேப்பரிலும் முதல் முறை எழுதி ஃபெயில் ஆனவர்கள் எத்தனை பேர், ஐந்தாறு மார்க் வித்தியாசத்தில் தப்பித்தவர்கள் எத்தனை பேர், படிப்பையே பாதியில் விட்டவர்கள் எந்தெந்த பேப்பரில் அரியர் வைத்திருந்தார்கள், இந்த மூன்றும் போதும். ஒரு எக்செல் ஷீட்டில் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். அது முடிந்ததும், முதல் செமஸ்டர் கணிதத்தில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனவர்கள் அடுத்த செமஸ்டர் மெக்கானிக்ஸில் என்ன ஆனார்கள் என்று பெயர் பெயராகப் பாருங்கள். அவர்களில் பாதிப் பேர் அங்கே விழுந்திருந்தால், உங்கள் மெக்கானிக்ஸ் பிரச்சினை மெக்கானிக்ஸ் வகுப்பில் மட்டும் இல்லை என்று அர்த்தம்.

இந்த ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் பேசினால் முதலில் வரும் பதில், “இந்த பேட்ச் சரியில்லை சார்.” எலைன் சீமோரும் நான்சி ஹெவிட்டும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியல், கணிதம், இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் தொடர்ந்தவர்களையும் நீண்ட நேர்காணல்கள் செய்து 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விட்டுப் போனவர்களுக்கும் நிலைத்து நின்றவர்களுக்கும் திறமையில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. பாடம் நடத்தும் விதம் மோசம் என்று இரண்டு தரப்பும் ஒரே குரலில் சொன்னது. பேட்ச் சரியில்லை என்பது சில வருடம் உண்மையாகக்கூட இருக்கலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை, அதனால் விட்டுவிடுவோம்.

படி 2: கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள்

பேப்பரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. மெக்கானிக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். செமஸ்டர் முடிவில் மாணவர் என்ன செய்து காட்ட வேண்டும் என்று எட்டிலிருந்து பத்து வரிகள் எழுதுங்கள். “விசைகளின் சமநிலையைப் புரிந்துகொள்வார்” என்று எழுதினால் பயனில்லை, அதை யாராலும் சோதிக்க முடியாது. “ஏணி, கிரேன், கீல் போட்ட பீம் எதைக் கொடுத்தாலும், ஒரு விசையையும் விடாமல், இல்லாத விசையைச் சேர்க்காமல், ஃப்ரீ பாடி டயகிராம் வரைவார்” என்று எழுதுங்கள் (ஒரு பொருளைத் தனியாகப் பிரித்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் காட்டும் படம் அது).

இப்போது போன வருட செமஸ்டர் கேள்வித்தாளை எடுத்து, எந்தக் கேள்வி இந்தப் பத்தில் எதைச் சோதிக்கிறது என்று ஓரத்தில் குறியுங்கள். மனப்பாடம் செய்தாலே போதும் என்கிற கேள்விகள் பாதிக்கு மேல் இருந்தால் மாணவர்கள் மனப்பாடம்தான் செய்வார்கள், வகுப்பில் நீங்கள் எவ்வளவு அழகாக நடத்தினாலும். கேள்வித்தாள் உங்கள் கையில் இல்லை என்றால் இன்டர்னல் டெஸ்ட்டாவது உங்கள் கையில் இருக்கிறது, அங்கே மாற்றுங்கள்.

இன்ஜினியரிங் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தம் 1989-இல் கையெழுத்தான பிறகு, ஒப்பந்த நாடுகளில் அங்கீகாரம் வேண்டுமென்றால் மாணவர் என்ன கற்றார் என்பதைக் காட்டியாக வேண்டும் என்ற நிலைமை மெல்ல மெல்ல வந்துவிட்டது. நல்ல யோசனைதான், ஆனால் பல இடங்களில் அது அங்கீகாரக் குழு ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய வாரம் நிரப்பப்படும் ஃபைலாகச் சுருங்கிவிட்டது. நீங்கள் எழுதிய பத்து வரிகளை ஃபைலில் வைக்காமல் முதல் நாளே மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

போர்ஷன் முடிக்க வேண்டுமே என்ற கேள்வி வரும். முடிக்கலாம். ஆனால் எல்லா யூனிட்டுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அடுத்த மூன்று செமஸ்டருக்கு அடித்தளமாக இருப்பதற்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள், தகவலாகத் தெரிந்தால் போதும் என்பதை வாசித்து வரச் சொல்லிவிட்டு நகருங்கள்.

படி 3: முதல் வாரமே ஒரு சோதனை, மார்க் இல்லாமல்

இருபது நிமிடம், பத்து சின்னக் கேள்விகள். கோணம் கொடுத்தால் ஒரு விசையின் கிடைக்கூறு எது, செங்குத்துக்கூறு எது, இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்ப்பது, அலகு மாற்றம், ஒரு வரைபடத்தின் சாய்வு எதைச் சொல்கிறது, இந்த மாதிரி. நீங்கள் நடத்தப்போவதை இங்கே கேட்க வேண்டாம், நடத்தும்போது ஏற்கெனவே தெரியும் என்று நீங்கள் நினைத்துக்கொள்வதைக் கேளுங்கள். சைனும் கோசைனும் எங்கே வரும் என்பதில் தடுமாறுபவர் யார் என்று இப்போதே தெரிந்துவிட்டால், அவருக்கு டிரஸ் (கம்பிகளை இணைத்த சட்டகம்) கணக்கு ஏன் புரியவில்லை என்று பிறகு நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

கண்டுபிடித்த ஓட்டையை அடைக்க இரண்டு உதாரணங்கள். அமெரிக்காவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் ஒரு வேலை செய்தார்கள். கால்குலஸ் பேப்பர்களை வரிசையாகப் பாஸ் செய்த பிறகுதான் இன்ஜினியரிங் பாடத்துக்குள் நுழையலாம் என்றிருந்ததை மாற்றி, இன்ஜினியரிங் ஆசிரியர்களே நடத்தும் ஒரு முதலாண்டு கணிதப் பாடத்தைக் கொண்டுவந்தார்கள். மெக்கானிக்ஸிலும் சர்க்யூட்ஸிலும் உண்மையிலேயே எடுத்துப் பயன்படுத்தும் கணிதம் மட்டும் அதில் இருந்தது, அதுவும் இன்ஜினியரிங் கணக்குகள் வழியாக. அந்த முறை பிறகு பல கல்லூரிகளுக்குப் பரவியது.

இன்னொன்று அதே நாட்டில் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1993-இல் தொடங்கியது. ஒரு முப்பரிமாணப் பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் திறனைச் சோதிக்க ஒரு சின்னத் தேர்வு வைத்து, அதில் தடுமாறியவர்களுக்கு வரைந்து வரைந்து பழகும் தனிப் பயிற்சி கொடுத்தார். அந்தத் திறன் பிறவியிலேயே வருவது என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, சில வாரப் பயிற்சியில் அது வளர்ந்தது. பயிற்சி எடுத்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், படிப்பில் நிலைத்து நின்றதும் அதிகரித்தது. கிராஃபிக்ஸ் பேப்பர் நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும்.

படி 4: வகுப்பில் பேச்சைக் குறைத்து, கேள்வியைக் கூட்டுங்கள்

இந்தப் படிதான் முக்கியம், இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

ஸ்காட் ஃப்ரீமனும் அவரது குழுவும் 2014-இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்புகளில் சராசரி ஃபெயில் விகிதம் 33.8 சதவீதம், மாணவர்களும் ஏதாவது செய்யும் வகுப்புகளில் 21.8 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு ஆகும் செலவு, உங்கள் தயாரிப்பு நேரம் மட்டும்தான்.

எப்படிச் செய்வது? ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஜூர் 1991 முதல் பயன்படுத்தி வரும் முறை எந்த வகுப்பறைக்கும் பொருந்தும். ஒரு உதாரணம் பார்ப்போம். மேஜைமேல் ஒரு ஸ்பிரிங் தராசு படுக்கையாக இருக்கிறது. அதன் இரண்டு முனைகளிலும் கயிறு கட்டி, மேஜையின் இரு ஓரங்களிலும் உள்ள கப்பிகள் வழியாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பக்கமும் 100 நியூட்டன் எடை மாட்டியிருக்கிறது. தராசு என்ன காட்டும்? பூஜ்ஜியமா, 100-ஆ, 200-ஆ?

கேள்வியைப் போர்டில் போட்டுவிட்டு ஒரு நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். யாரும் யாரிடமும் பேசாமல் தனியாக யோசித்து, விரலைக் காட்டட்டும், முதல் விடைக்கு ஒரு விரல், இரண்டாவதுக்கு இரண்டு. விரலை நெஞ்சுக்கு நேராக வைக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கிளிக்கர் (பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கருவி), ஆப் எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. வகுப்பு மூன்றாகப் பிரிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். விடையை இப்போது சொல்லிவிடக் கூடாது, நாக்கு துடிக்கும், சொல்லிவிடாதீர்கள். “உங்கள் பக்கத்தில் வேறு விடை சொன்ன ஒருவரைப் பிடித்து, உங்கள் விடை ஏன் சரி என்று சம்மதிக்க வையுங்கள்” என்று சொல்லி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். சத்தமாகத்தான் இருக்கும். அப்போது பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காதைக் கொடுங்கள், “ரெண்டு பக்கமும் இழுக்குது, அப்ப 200 தானே” என்பவரும் “சமமா இருக்கு, அதனால ஜீரோ” என்பவரும் எந்த இடத்தில் வழுக்குகிறார்கள் என்று உங்களுக்கே அப்போதுதான் தெரியும். மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். 100 என்பவர்கள் கூடியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் பேசலாம். ஒரு பக்க எடையை எடுத்துவிட்டு அந்தக் கயிற்றைச் சுவரில் கட்டினால் தராசு என்ன காட்டும் என்று கேளுங்கள். 100 என்று 200-காரர்களே சொல்வார்கள். சுவர் 100 நியூட்டனில் இழுக்கிறது, எடையும் 100 நியூட்டனில் இழுக்கிறது, எதிர்முனையில் இருப்பது சுவரா எடையா என்று ஸ்பிரிங்குக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு கேள்விக்கு மொத்தம் ஏழெட்டு நிமிடம் ஆகும். கயிற்றின் இழுவிசை பற்றி நாற்பது நிமிடம் நடத்தினாலும் இது நடக்காது.

ஒரு மணி நேர வகுப்புக்கு இப்படி இரண்டு அல்லது மூன்று கேள்விகள் போதும். முதல் சுற்றிலேயே முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னால் கலந்துரையாடலை விட்டுவிட்டு நகருங்கள், கால்வாசிப் பேர்கூடச் சொல்லாவிட்டால் அவர்களை மோதவிட்டுப் பயனில்லை, கொஞ்சம் நடத்திவிட்டுத் திரும்பக் கேளுங்கள். சர்க்யூட்ஸ் நடத்துபவர்களுக்கு ஒரு நல்ல கேள்வி: ஒரு பேட்டரியில் ஒரு பல்பு எரிகிறது, அதற்குப் பேரலலாக இன்னொரு பல்பை இணைத்தால் முதல் பல்பின் வெளிச்சம் என்ன ஆகும்? கணக்குப் போட்டால் சரியாக விடை வாங்குபவர்கள்கூட, பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் கொடுக்கும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருப்பது இங்கே வெளியே வந்துவிடும்.

முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை. இப்படி நடத்தத் தொடங்கினால் “சார் நடத்தவே மாட்டேங்கறார், எங்களையே கேட்கிறார்” என்று புகார் வரும். 2019-இல் ஹார்வர்டில் லூயி டெலோரியேயும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். ஒரே பாடத்தை ஒரு பிரிவு சுகமான விரிவுரையாகக் கேட்டது, இன்னொரு பிரிவு தானே கணக்குகளுடன் மல்லுக்கட்டியது. தேர்வில் இரண்டாவது பிரிவு அதிக மார்க் வாங்கியது, ஆனால் அதிகம் கற்றதாக உணர்ந்தது முதல் பிரிவு. அதனால் முதல் வாரமே இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், ஹெச்ஓடியிடமும் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கணக்கைத் தனியாகப் போடப் பழக்குங்கள்

போர்டில் நாம் போடும்போது எல்லாக் கணக்கும் எளிதாகத்தான் தெரியும். ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் அல்ஜீப்ராவில் காட்டியது, புதிதாகக் கற்பவருக்கு வெறும் கணக்குகளை அள்ளிக் கொடுப்பதைவிட, தீர்த்த கணக்கு ஒன்று, அதேபோல் தீர்க்காதது ஒன்று என்று ஜோடியாகக் கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது. டுட்டோரியல் ஷீட்டை இப்படி அமையுங்கள்: முதல் கணக்கு முழுதும் தீர்த்தது, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் “ஏன் இந்தப் புள்ளியில் திருப்புத்திறன் எடுத்தோம்?” என்ற மாதிரி ஒரு கேள்வி. இரண்டாவதில் கடைசி இரண்டு வரி இருக்காது. மூன்றாவதில் டயகிராம் மட்டும் இருக்கும். நான்காவதில் அதுவும் இல்லை. கை பழகியவர்களை நான்காவதில் இருந்தே தொடங்கவிடுங்கள், அவர்களுக்குத் தீர்த்த கணக்கு சுமைதான்.

ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதானால் பெயரிலும் கணக்கிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் 1970-களின் பிற்பகுதியில், கால்குலஸில் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்த கறுப்பின மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். உழைப்பில் குறையே இல்லை, ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ குழுவாக உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உருவாக்கிய வொர்க்‌ஷாப்பில் ‘வீக் ஸ்டூடன்ட்’ என்ற பேச்சே இல்லை, வகுப்பைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகப் போட வைத்தார், ரிசல்ட் தலைகீழானது. எளிய கணக்குகளை மெதுவாகத் திரும்ப நடத்தும் ஸ்பெஷல் கிளாஸுக்கு மாணவர்கள் ஏன் வருவதில்லை என்று வியப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

படி 6: பெரிய டெஸ்ட்டை உடைத்துச் சின்னதாக்குங்கள்

முதல் டெஸ்ட் ஏழாவது வாரத்தில் வந்து, பேப்பர் ஒன்பதாவது வாரத்தில் திரும்பக் கிடைத்தால், மாணவர் தன் நிலைமையைத் தெரிந்துகொள்ளும்போது பாதி செமஸ்டர் போய்விட்டிருக்கும். வாரம் ஒரு முறை பத்து நிமிடம், இரண்டு கேள்வி, அதில் ஒன்று மூன்று வாரத்துக்கு முன்பு நடத்தியதில் இருந்து. மார்க் மிகக் குறைவாக இருக்கட்டும், மோசமான இரண்டை விட்டுவிட்டுக் கணக்கெடுங்கள். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டியதுபோல, திரும்பத் திரும்ப வாசித்தவர் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஜெயிப்பார், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்தான் ஜெயிப்பார்.

நூறு பேப்பர் யார் திருத்துவது? எல்லாவற்றையும் வரி வரியாகத் திருத்த வேண்டாம். பதினைந்தை மட்டும் எடுத்து ஊன்றிப் பாருங்கள், பொதுவான மூன்று தப்புகள் தெரிந்துவிடும், அடுத்த வகுப்பில் அந்தத் தப்பான விடைகளை யாருடையது என்று சொல்லாமல் போர்டில் போட்டு, எங்கே தப்பு என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரிய டெஸ்ட்டுக்குப் பிறகு அரைப்பக்கத் தாள் ஒன்று: எப்படிப் படித்தாய், எந்த வகைத் தப்பில் மார்க் போனது, அடுத்த டெஸ்ட்டுக்கு எதை மாற்றுவாய். அதை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்பு அவரவர் கையில் திருப்பிக் கொடுங்கள். “நோட்ஸை நாலு தடவை படிச்சேன்” என்று பலரும் எழுதியிருப்பார்கள், ஒரு கணக்கைக்கூட மூடி வைத்துப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

படி 7: லேப்

செய்முறையைப் பார்த்துச் செய்து, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, வைவாவில் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றால் அதில் கற்க ஒன்றும் இல்லை. நடாஷா ஹோம்ஸும், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும், தியரிக்குத் துணையாக வைக்கப்பட்ட இயற்பியல் லேப்கள் மாணவர்களின் தியரித் தேர்வு மார்க்கைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை என்று கண்டார்கள். எல்லாச் சோதனைகளையும் மாற்ற முடியாது, இரண்டை மட்டும் மாற்றுங்கள். செய்முறைத் தாளை எடுத்துவிட்டு, “இந்தப் பீமின் யங் மாடுலஸை (அதன் பொருள் எவ்வளவு விறைப்பானது என்ற அளவை) 5 சதவீதப் பிழைக்குள் சொல்ல முடியுமா? எந்த அளவீட்டில் பிழை அதிகம் வருகிறது?” என்று மட்டும் கேளுங்கள். முதலில் விழிப்பார்கள். ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் மார்க் போகாது, ஏன் வரவில்லை என்று எழுதாவிட்டால்தான் போகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரீடிங்கைச் சமைத்துவிடுவார்கள்.

படி 8: குழு வேலை

ஒருவர் செய்து மூவர் பெயர் போடுவதைத் தடுக்க ஒரே வழி, குழுவை நீங்களே பிரிப்பதும், யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனியாக எழுதி வாங்குவதும்தான். கணக்குத் தீர்க்கும் குழுக்களை ஆராய்ந்த பாட்ரீஷியா ஹெல்லரும் மார்க் ஹொலபாவும் மூன்று பேர் குழு நன்றாக ஓடுகிறது என்றும், இரண்டு ஆண்கள் ஒரு பெண் என்று அமைந்தால் அந்தப் பெண் சரியாகச் சொன்னாலும் ஆண்கள் பேச்சே எடுபடுகிறது என்றும் 1992-இல் எழுதினார்கள். வகுப்பில் பெண்கள் குறைவு என்பதற்காகக் குழுவுக்கு ஒருவராகப் பிரித்துப் போடாதீர்கள், இரண்டு பேராகச் சேர்ந்து இருக்கட்டும்.

படி 9: மூன்றாவது வாரமே கூப்பிடுங்கள்

இரண்டு வாரச் சின்ன டெஸ்ட்டும் எழுதாதவர், டுட்டோரியல் ஷீட்டைத் திருப்பித் தராதவர், தொடர்ந்து மூன்று வகுப்புக்கு வராதவர், இந்த மூன்றில் எது நடந்தாலும் அந்த வாரமே பேசுங்கள். அட்டெண்டன்ஸ் குறைவு என்று செமஸ்டர் கடைசியில் நோட்டீஸ் ஒட்டுவது உதவி இல்லை. எப்படிப் பேசுவது என்பதும் முக்கியம். “ஏம்பா வரலை?” என்று தொடங்கினால் காய்ச்சல் என்று பதில் வரும். “போன வாரக் கேள்வி ரெண்டாவது கஷ்டமாத்தான் இருந்துச்சு, எது வரைக்கும் போட முடிஞ்சது?” என்று தாளை நடுவில் வைத்துத் தொடங்கினால் விஷயம் தானாக வெளியே வரும். சிலருக்குப் பாடம் பிரச்சினையாகவே இருக்காது, இரவு வேலை, வீட்டுக் கடன், மன அழுத்தம் என்று வேறு ஏதாவது இருக்கும். அதை நீங்கள் தீர்க்க வேண்டியதில்லை, யாரிடம் அனுப்புவது என்ற ஆலோசகர் பெயரும் நேரமும் உங்கள் மேஜையில் இருந்தால் போதும்.

படி 10: மாறியதா என்று எப்படித் தெரியும்

ஃபீட்பேக் படிவத்தை நம்பாதீர்கள், காரணம் படி 4-இல் இருக்கிறது. மாற்றத் தொடங்கும் முன்பே, போன வருட செமஸ்டர் தாளில் இருந்து மூன்று கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு, அதே தரத்தில், எண்களை மட்டும் மாற்றி இந்த வருடமும் கேளுங்கள், ஒரே விடைக்குறிப்பை வைத்துத் திருத்துங்கள். ஃபெயில் எண்ணிக்கை குறைந்தது மட்டும் போதாது, தாளை எளிதாக்கியிருந்தாலும் அது குறையும். ஒரு வருடம் கழித்து அதே மாணவர்கள் அடுத்த பேப்பரில், உதாரணமாக ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில், என்ன ஆனார்கள் என்று பார்ப்பதுதான் நேர்மையான கணக்கு.

இந்தப் பத்தையும் ஒரே செமஸ்டரில் செய்ய முயன்றால் ஆறாவது வாரத்தில் களைத்துப்போய்ப் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவீர்கள். முதல் முறை 1, 3, 4, 6 மட்டும் போதும். கேள்விகளையும், எந்த விடையை எத்தனை பேர் சொன்னார்கள் என்பதையும் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். அடுத்த வருடம் அந்த பேப்பர் வேறொருவருக்குப் போகலாம், அந்த ஃபோல்டரை அவரிடம் கொடுத்துவிட்டு முதல் இரண்டு வாரம் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள்.